சாக்ஸுக்குள் ஒத்தப்புளிப்பட்டி

காலையில் கண் விழித்த மாரிசெல்வம் தன் வலது கையைப் பார்த்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு, இரண்டு வேப்பிலை.

"ஆத்தா!"

அவன் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த ஆடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

அடுப்படியிலிருந்து சங்கிலியம்மாள் நிதானமாக வந்தாள். அவள் கையிலும் அதே கயிறு.

"எதுக்குலே கத்துற? சாமிக் காப்பு. நேத்துக் கோயில்ல கட்டுனாக. நீ படிச்ச அலுப்புல கம்ப்யூட்டர் மேலயே தலைய வச்சுத் தூங்கிட்ட. பூசாரிகிட்டச் சொல்லி உன் காப்பையும் வாங்கியாந்து, விடிய நானே கட்டிவிட்டேன். நீ பாஸானா நாம ரெண்டு பேரும் காளியாத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்கிறதா நேந்திருக்கேன்."

"காப்புக் கட்டுனவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதுல்ல?"

"ஆமா. திருவிழா முடியுற வரைக்கும் தாண்டக்கூடாது."

"பரீட்சை மதுரையில ஆத்தா!"

சங்கிலியம்மாளுக்கு இது புதுச் செய்தி.

"கம்ப்யூட்டர்ல எழுதுற பரீட்சைன்னுதான சொன்ன? கம்ப்யூட்டர்தான் வீட்டுல இருக்கே. ஒண்ணுக்கு மூணா வாங்கிப் போட்டிருக்கியே. அதுல ஒண்ணுல எழுதித் தொலைய வேண்டியதுதான!"

மாரிசெல்வம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், வைகாசி மாதம். தேனியில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அவன் உதவியாளன். அங்கே நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர் நாற்காலி காலியாக இருந்தது. 'சர்வர் சர்டிபிகேட்டோடு வா, நாற்காலி உனக்கு' என்று தாளாளர் சொல்லியிருந்தார். ஆனால் அவன் படித்திருந்ததோ சர்வர் சாஃப்ட்வேரின் பழைய பதிப்புக்கான பரீட்சை. புதுப் பதிப்பு வந்துவிட்டதால் பழையதை இந்த மாதத்தோடு மூட்டை கட்டுகிறார்கள். மதுரை மையத்தில் கடைசியாகக் கிடைத்த தேதி வெள்ளிக்கிழமை. அதை விட்டால் புதுப் புத்தகம், புதுப் படிப்பு, முதலிலிருந்து எல்லாம். அதுவரை நாற்காலி சும்மா இருக்குமா? இன்று புதன்.

அவன் படித்த படிப்பு ஒத்தப்புளிப்பட்டிக்கே தெரியும். பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றை வாங்கி, ஒன்றை சர்வராக்கி அடுப்படியில் வைத்தான். வீட்டிலேயே குளுமையான இடம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கம்தான். அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் நீல வயர் இழுத்தான். ஒரு வாரம் நெட்வொர்க் விட்டு விட்டு வேலை செய்தது. புத்தகத்தில் இருந்த அத்தனை கோளாறுகளையும் வரிசையாகத் தேடிப் பார்த்தான். சங்கிலியம்மாள் அந்த வயரில் ஈரப் போர்வை காயப்போட்டு, பாரத்தில் பிளக் கழன்றுகொண்டிருந்த விஷயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சர்வர் என்றால் அதைப் பயன்படுத்த ஆள் வேண்டுமே? அம்மாவுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு கொடுத்தான். அவள் வாழ்நாளில் அதைச் சரியாகச் சொன்னதில்லை. மூன்று முறை தப்பாகச் சொன்னால் கதவு பூட்டிக்கொள்ளும் என்ற பாடத்தை மட்டும் அவன் மிக நன்றாகக் கற்றுக்கொண்டதற்கு அதுவே காரணம்.

"காப்பை அவுத்துருறேன்" என்றான் இப்போது.

"அவுப்ப. அவுத்தா என் நேத்திக்கடனும் சேந்துல்ல போகும்! சுருளியாண்டி கதை மறந்துபோச்சா?"

யாருக்கு மறக்கும்? ஏழெட்டு வருடத்துக்கு முன் சுருளியாண்டி காப்புக் கயிற்றோடு எல்லை தாண்டிச் சின்னமனூருக்குப் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் பிடித்த மழையில் மைக்செட் நனைந்து, சீரியல் லைட் அவிந்து, கரகாட்டக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். இன்றைக்கும் ஊரில் யார் வீட்டு ஓடு உடைந்தாலும் முதலில் அந்தப் பரோட்டாவைத்தான் திட்டுவார்கள்.

பத்து மணிவாக்கில் தௌபீக் வந்தான். உத்தமபாளையத்துக்காரன். மாரிசெல்வத்தோடு ஒரே லேபில் வேலை, ஒரே பரீட்சை, ஒரே வெள்ளிக்கிழமை. கயிற்றைப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான், தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பாஸாகணும்னு வேண்டி, பரீட்சைக்கே போகவிடாமக் கட்டிப் போட்டுருக்காகளே! மாப்ள, உங்க ஆத்தாதான்டா அசல் ஃபயர்வால். ஒரு ஈ காக்கா வெளிய போக முடியாது."

"சிரிக்காதடா. வழி சொல்லு."

"எங்கிட்ட ஏன் கேக்குற? புத்தகத்துல கேளு. வெளிய இருக்கவன் உள்ள இருக்க மாதிரி ஆகுறதுக்கு என்ன பேரு? போன வாரம் பூரா அதத்தான பொலம்பிக்கிட்டுத் திரிஞ்ச?"

மாரிசெல்வம் எழுந்து நின்றான்.

"வி.பி.என்!"

"அதேதான். போ, உங்க ஊர்க்காரகளுக்குப் பாடம் நடத்து."

கோயில் மண்டபத்தில் பந்தல்காரர்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் ராக்கப்பன் அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். பூசாரி ஒச்சாண்டி வேப்பிலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருவரையும் உட்கார வைத்து மாரிசெல்வம் ஆரம்பித்தான்.

"மாமா, ஒரு கம்பெனி ஆபீஸ் மதுரையில இருக்குன்னு வைங்க. அதுக்குள்ள வெளியாளு யாரும் நொழையக்கூடாது. ஆனா அந்த ஆபீஸ் ஆளு ஒருத்தன் டெல்லியில இருக்கான். அவனும் உள்ள இருக்கணும். என்ன செய்வாக?"

"ரயிலேத்தி வரச் சொல்லுவாக" என்றார் ராக்கப்பன்.

"இல்ல மாமா. நடுவுல ஒரு சுரங்கம் போடுவாக. ஆளு டெல்லியிலதான் இருப்பான். ஆனா கணக்குப்படி மதுரை ஆபீசுக்குள்ள இருக்கான்னு அர்த்தம்."

"ஒடம்பு டெல்லியில, கணக்கு மதுரையிலயா? அப்ப அவன் சோறு எங்கன திம்பான்?"

"மதுரை வரைக்கும் சுரங்கம் தோண்ட ஆளுக்கு எங்கப்பா போறது?" என்று கவலைப்பட்டார் ஒச்சாண்டி. "பந்தக்கால் ஊனவே நாலு பேரு வரல."

"தோண்ட வேணாம் பூசாரிய்யா" என்றான் தௌபீக். "தோண்டுனதா நெனைச்சுக்கிட்டாப் போதும்."

இரு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிப்பு முற்றிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது.  மாரிசெல்வத்துக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"பூசாரிய்யா, நம்ம ஆத்தா சிலையை எங்கன செய்றாக?"

"தேவதானப்பட்டியில, வேளார் வீட்டுல."

"ஆத்தா பொறந்த ஊரு தேவதானப்பட்டியா?"

"வாயக் கழுவுலே! நம்ம ஊருல எடுத்த பிடிமண்ணைக் குடுத்துவிட்டுத்தான செய்யச் சொல்லுறோம். மண்ணு நம்ம மண்ணு. அவ இங்கன பொறந்தவதான்."

"அப்ப நம்ம மண்ணு போற எடமெல்லாம் நம்ம ஊருதான? நான் ஊர் மண்ணை மிதிச்சுக்கிட்டே மதுரைக்குப் போறேன். மிதிச்சுக்கிட்டே பரீட்சை எழுதுறேன். மிதிச்சுக்கிட்டே திரும்பி வாரேன். எல்லை தாண்டுனதா ஆகுமா?"

 மூங்கில் நட்டுக்கொண்டிருந்தவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான்.

ஒச்சாண்டி தாடையைச் சொறிந்தார். "ஆகாது போலத்தான் இருக்கு."

ராக்கப்பன் லேசில் விடுகிற ஆளா? "வழியில உசிலம்பட்டி மண்ணு, செக்கானூரணி மண்ணு வந்து கலந்துட்டா?"

"கலக்காம மூடிக் கட்டிருவோம் மாமா. எங்க பாடத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"சரி. மூடிக் கட்டுன மண்ணை எப்படி மிதிப்ப? காப்புக்காரன் செருப்புப் போடக்கூடாதே."

"சாக்ஸ்!" என்றான் தௌபீக். சொன்னதோடு நில்லாமல் தன் ஷூவைக் கழற்றி, ஒரு சாக்ஸை உருவி நீட்டினான். "இதுக்குள்ள மண்ணைப் போட்டு மேல கட்டிட்டா?"

சாக்ஸ் செருப்பா, துணியா என்று அரைமணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் ஒச்சாண்டி அதைக் கையில் வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், அதே வேகத்தில் தூரத்தில் பிடித்தார்.

"துணிதான். ஆனா தொவைச்ச துணி இல்ல."

ராக்கப்பனிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "அங்கன நிக்கிறது நம்ம மாரிதான்னு ஆத்தாளுக்கு எப்படித் தெரியும்? மண்ணை எவன் வேணாலும் அள்ளிட்டுப் போகலாமே."

தௌபீக் மாரிசெல்வத்தின் காதில், "உங்க மாமாவே பரீட்சை எழுதலாம்டா" என்றான்.

"அதுக்குப் பாஸ்வேர்டு வச்சுக்கணும் மாமா. எல்லையைத் தாண்டுறப்பச் சொல்லணும். தொடர்பு அறுந்துட்டா மறுபடி சொன்னாச் சேந்துக்கிரும். ஆனா சாமி பேரு வைக்கக்கூடாது. எல்லாரும் கண்டுபிடிச்சிருவாக" என்றான் மாரிசெல்வம்.

ஒச்சாண்டி கண்ணை மூடி யோசித்து, செத்துப்போன தன் எருதின் பெயரைச் சொன்னார். "செவலை."

"எண்ணும் சேக்கணும் பூசாரிய்யா. அதுதான் பாதுகாப்பு."

"செவலை, ரெண்டு கொம்பு."

"ரகசியமா இருக்கட்டும்" என்றார் ராக்கப்பன். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் மாரிசெல்வத்தைப் பார்த்து, "என்னப்பா செவலை, ரெண்டு கொம்பும் பத்திரமா?" என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒச்சாண்டி கோயில் வாசல் மண்ணை அள்ளிக் கொடுக்க, சங்கிலியம்மாள் தன் கையாலேயே இரண்டு சாக்ஸிலும் நிரப்பினாள். உள்ளே காலை விட்டு, கெண்டைக்காலில் சணல் சுற்றிக் கட்டியானது. எழுந்து நின்றபோது மாரிசெல்வம் முழங்கால் வரை மனிதன், அதற்குக் கீழே யானை. எல்லைக் கல்லைத் தாண்டும்போது, "செவலை, ரெண்டு கொம்பு" என்று பயபக்தியோடு சொன்னான். பக்கத்தில் சோளக்காட்டில் நின்ற ஆளும் கூடவே சொன்னார்.

பஸ்ஸில் ஆண்டிபட்டியில் ஏறிய ஓர் அம்மாள் எதிர் சீட்டில் உட்கார்ந்து அவன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எத்தன நாளா தம்பி வீக்கம்?"

"காலையிலேருந்துதான் அக்கா" என்றான் தௌபீக் முந்திக்கொண்டு.

"அய்யோ, ஒரே நாள்லயா? எங்க மச்சினருக்கு ஒரு காலுதான். இவருக்கு ரெண்டுமா? ஆமணக்கெலையைச் சூடு காட்டிக் கட்டச் சொல்லுங்க."

"கட்டியிருக்கோம்க்கா. மண்ணுப் பத்து."

"நல்லதுதான். எந்த ஊரு மண்ணு?"

"அவுக ஊரு மண்ணுதான். வேற ஊரு மண்ணு இவனுக்குச் சேராது."

கணவாய் இறக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டபோது மாரிசெல்வம் சீட்டோடு சேர்ந்து சரிந்தான். கால்கள் மட்டும் நட்ட கல் மாதிரி அசையவே இல்லை.

மதுரையில் பரீட்சை மையம் முதல் மாடி. கண்ணாடிக் கதவு, ஏசி, தரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம். வாசலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வாட்சைக் கழற்றச் சொன்னார், பையை வெளியே வைக்கச் சொன்னார், அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து கீழே பார்த்தார்.

"என்ன இது?"

"மண்ணு மேடம்."

"எதுக்கு?"

மாரிசெல்வம் உள்ளதைச் சொன்னான். காப்பு, எல்லை, பிடிமண், சுரங்கம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அந்த அம்மா விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புத்தகம், செல்போன், கால்குலேட்டர், தின்பண்டம் எல்லாம் கூடாது என்று இருந்தது. மண்ணைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

"உள்ளே துண்டுச்சீட்டு வச்சிருந்தா? கொட்டிக் காட்டுங்க."

"கொட்டுனா காலு தரையில படுமே மேடம்!"

"தூக்கிப் பிடிச்சுக்குங்க."

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டான். தௌபீக் குதிகாலைத் தாங்கிப் பிடித்தான். பழைய நியூஸ்பேப்பரில் கொட்டிய மண்ணை அந்த அம்மா ஸ்கேலால் கிளறினார். ஒரு நத்தைக் கூடு, வேர்க்கடலைத் தொலி, ஒரு சோடா மூடி, பிறகு முழுசாக ஓர் எலுமிச்சம்பழம்.

"இது?"

"ஆத்தா வச்சிருப்பாக மேடம். எனக்குத் தெரியாது."

"தின்பண்டம் அனுமதி இல்ல" என்று எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்து மேஜை மேல் வைத்தார். மண்ணைத் திரும்பச் சாக்ஸில் போடுவதற்கு அவரே பேப்பரைக் குவித்துப் பிடித்தார். "எங்க அம்மாவும் காப்புக் கட்டுவாங்க. அதுக்காகச் சொல்றேன், உள்ளே போங்க. ஆனா கம்பளத்துல ஒரு பொட்டு மண்ணு சிந்துச்சு, நீங்களேதான் பெருக்கணும்."

பரீட்சை ஆரம்பித்தது. முதல் கேள்விகள் எளிதாகவே வந்தன. எந்தப் பயனருக்கு எந்தக் கோப்பு வரை அனுமதி, எவருக்கு இல்லை. சங்கிலியம்மாளைப் பூட்டிப் பழகியவனுக்கு அதெல்லாம் அல்வா. பாதிவழியில்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஊர் மண் மட்டும் வரவில்லை. கூடவே ஊர் எறும்பும் வந்திருந்தது.

இடது சுண்டுவிரலில் முதல் கடி. கோயில் வாசலில் பொரியும் வெல்லமும் தின்று வளர்ந்த கட்டெறும்பு. ஏசிக் குளிரில் அதற்கும் கோபம் வந்திருக்க வேண்டும். காலைத் தூக்கி உதற முடியாது. உதறினால் கட்டு அவிழ்ந்து மண் சிந்தும், சுரங்கம் அறுந்துவிடும். மாரிசெல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் குலுக்கி, கழுத்தை நெளித்து ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாசலில் இருந்த அந்த அம்மா இவனைப் பார்த்து, சாமி வந்துவிட்டதோ என்று எழுந்தே நின்றுவிட்டார்.

அப்போது வந்தது அந்தக் கேள்வி. வெளியூரில் இருக்கும் ஊழியர், அலுவலக நெட்வொர்க்கில் இருப்பதுபோலவே வேலை செய்ய வேண்டும். தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும்? மாரிசெல்வம் சிரித்தேவிட்டான். உலகத்திலேயே அந்தக் கேள்விக்குக் காலால் பதில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கடைசி பட்டனை அழுத்தினான். திரை கொஞ்ச நேரம் வெறுமையாக நின்றது. வலது கட்டைவிரலில் எறும்பு இன்னொரு கடி கடித்தது. திரையில் எழுத்து வந்தது.

பாஸ்.

"ஆத்தா!" என்று குதித்தான் மாரிசெல்வம். மேலே போனபோது சரியாகத்தான் போனான். இறங்கியபோது மண் பாரம் தாங்காமல் இரண்டு சாக்ஸும் டப்பென்று வெடித்தன. ஒத்தப்புளிப்பட்டி கம்பளம் முழுக்கச் சிதறியது. அவன் வெறுங்கால் பளிச்சென்று மதுரையில் நின்றது.

பக்கத்துத் தடுப்பிலிருந்து தௌபீக் எட்டிப் பார்த்தான். அவனும் பாஸ்தான். "அறுந்துபோச்சாடா?"

மாரிசெல்வத்துக்குத் தீச்சட்டி, மழை, மைக்செட், அம்மாவின் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் ஓடின. கிட்டத்தில் கிடந்த மண் குவியல் மேல் ஒரே தாவாகத் தாவி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கண்ணை மூடிக் கத்தினான்:

"செவலை, ரெண்டு கொம்பு!"

பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா எழுந்து வந்தார். ஒரு கையில் துடைப்பத்தையும் மறு கையில் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தார்.

இரண்டு பிளாஸ்டிக் பைகளில் மண்ணை அள்ளிக் காலில் கட்டிக்கொண்டு, விளக்கு வைப்பதற்கு முன் ஊர் வந்து சேர்ந்தார்கள். எல்லைக் கல்லருகே கூட்டமே நின்றது. சங்கிலியம்மாள் முன்னால் நின்றாள்.

"பாஸாலே?"

"பாஸ் ஆத்தா."

அவள் குலவை போட வாயெடுப்பதற்குள் ராக்கப்பன் கை காட்டி நிறுத்தினார். "தொடர்பு அறுந்துச்சா?"

பொய் சொல்லலாம். ஆனால் கையில் காப்பு இருக்கிறதே. "ஒரு தடவை அறுந்துச்சு மாமா. சாக்ஸ் கிழிஞ்சு மண்ணு கொட்டிப்போச்சு. உடனே பாஸ்வேர்டு சொல்லிச் சேந்துக்கிட்டேன்."

 எல்லோரும் ஒச்சாண்டியைப் பார்த்தார்கள்.

"கொட்டுன மண்ணையெல்லாம் அள்ளிட்டியா?" என்றார் ஒச்சாண்டி.

"அள்ளுனேன். கம்பளத்துக்குள்ள போனது கொஞ்சம் அங்கனயே இருக்கு."

ஒச்சாண்டி தாடையைச் சொறிந்தார். "அப்ப மதுரையில நம்ம ஊரு கொஞ்சம் கெடக்கு. நம்ம ஊரு மேலதான் நீ நின்ன. அறுந்தாலும் தாண்டல."

சங்கிலியம்மாளின் குலவைச் சத்தம் அல்லிநகரம் வரை கேட்டிருக்கும்.

ஆனால் ராக்கப்பன் எதிர்பார்க்காத ஒன்று மறுநாள் காலை நடந்தது. காப்புக் கட்டிய அத்தனை பேரும் சாக்ஸும் கையுமாக எல்லைக் கல்லில் வந்து நின்றார்கள். ஒருவருக்குத் தேனியில் சேலை எடுக்க வேண்டும், ஒருவருக்குக் கம்பத்தில் மகளைப் பார்க்க வேண்டும். வரிசையின் முன்னால் சுருளியாண்டி நின்றார். அவருக்குப் பரோட்டா. ராக்கப்பன் ஆள் விட்டு மாரிசெல்வத்தை இழுத்து வந்தார்.

"நீதான பரீட்சை பாஸ் பண்ணவன்? யாரை விடணும், யாரை விடக்கூடாதுன்னு இங்கனயே ஒக்காந்து பாரு. காலேஜு வேலைக்குத் திங்கக்கிழமை போகலாம். அதுக்குள்ள திருவிழா முடிஞ்சிரும்."

எல்லைக் கல் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மாரிசெல்வம் உட்கார்ந்தான். முதல் வேலையாகச் செவலையை மாற்றி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு காதில் சொல்லிக் கொடுத்தான். சுருளியாண்டிக்கு மட்டும், வாழ்நாள் முழுக்க அனுமதி இல்லை.

பத்து மணிக்குச் சங்கிலியம்மாள் வந்தாள். சாக்ஸ் புதிது, மண் புதிது.

"வழி விடுலே. தீச்சட்டி வாங்கச் சின்னமனூர் வரைக்கும் போகணும். ஒனக்கும் சேத்துத்தான்."

"பாஸ்வேர்டு ஆத்தா."

"உன்னப் பெத்தவகிட்டயா கேக்குற?"

"யாரா இருந்தாலும் கேக்கணும். நேத்து அதுலதான் பாஸானேன்."

சங்கிலியம்மாள் வானத்தைப் பார்த்தாள். "செவலை?"

"தப்பு."

"மயிலை?"

"தப்பு. இன்னும் ஒரு தடவைதான்."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சங்கிலியம்மாள் நெற்றியைச் சுருக்கி, விரல் விட்டு எண்ணி, ஏதோ பளிச்சென்று ஞாபகம் வந்தவளாக முகம் மலர்ந்தாள்.

"பரோட்டா!"

"பூட்டியாச்சு" என்றான் மாரிசெல்வம்.

அடுத்த நிமிடம் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர் வாழைத் தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மண் நிறைந்த சாக்ஸ் ஒன்றைச் சுழற்றிக்கொண்டு சங்கிலியம்மாள். இருவரும் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கல்லருகே ஆளில்லாத நேரம் பார்த்து, சுருளியாண்டி மெதுவாகச் சின்னமனூர் பஸ் ஏறினார்.